முதல் வாரத்துக் கணிப்பு

(கம்பத்தில் கபடி வீரர்களும் ஊர்ப் பெரியவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2014 ஜூலை 26. புரோ கபடி லீக்கின் முதல் ஆட்டம் மும்பையில் நடந்தது. சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால் அனூப் குமாரின் யு மும்பா அணி, ஜெய்ப்பூர் பிங்க் பேந்தர்ஸை 45–31 என்று அடித்துப் போட்டது. பதினான்கு புள்ளி வித்தியாசம். அன்று இரவு ஜெய்ப்பூரைப் பற்றி யாரிடம் கேட்டிருந்தாலும் ஒரே பதில்தான் வந்திருக்கும். ஐந்து வாரம் கழித்து, ஆகஸ்ட் 31 அன்று, அதே மும்பையில் இறுதி ஆட்டம். ஆடியவை அதே இரண்டு அணிகள். ஜெய்ப்பூர் 35–24 என்று வென்று கோப்பையை எடுத்துக்கொண்டு போனது. அந்த ஜெய்ப்பூர் அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் நம் தமிழ்நாட்டுக்காரர், காசிநாதன் பாஸ்கரன்.

முதல் ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதே என்ற பாடத்தை லீக்கின் முதல் சீசனே சொல்லிவிட்டது. இதுவரை பன்னிரண்டு சீசன் முடிந்துவிட்டது. நாம் இன்னும் அதைக் கற்றுக்கொள்ளவில்லை என்பதுதான் என் கவலை. எதிரணிகளை நாம் எப்படி எடைபோடுகிறோம், எங்கே தவறுகிறோம், எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன்.

சில வருடங்களில் சீசன் நடந்தது புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில். நம் பள்ளத்தாக்கில் மழை பெய்து, மண் தளத்தில் கால் வழுக்கி, பயிற்சி பாதி நாள் நின்றுபோகும் காலம் அது. குமுளிச் சாலையில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் வரிசையாகப் போகும். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று சாலையோரத்து டீக்கடைகள் விடிய விடியத் திறந்திருக்கும். அந்தக் கடைகளில் டி.வி.யில் ஆட்டம் ஓடும்போது நடக்கும் பேச்சை நீங்கள் எல்லாரும் கேட்டிருக்கிறீர்கள். "இந்த வருசம் கப்பு இவங்களுக்குத்தான்", "அந்த டீம் தேறாது". மூன்றாவது ஆட்டம் முடிவதற்குள் பன்னிரண்டு அணிகளுக்கும் தீர்ப்பு எழுதி முடித்துவிடுகிறோம். ஆட்டத்தின் மேல் ஆசை இருப்பவர்கள்தான் இப்படிப் பேசுவார்கள், அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தத் தீர்ப்பு எதை வைத்து எழுதப்படுகிறது? ஏலத்தில் போன விலை, முதல் ஆட்டத்தின் முடிவு. பெரும்பாலும் இந்த இரண்டை வைத்துத்தான்.

முதலில், முதல் ஆட்டத்தைப் பார்ப்போம். நம் தமிழ் தலைவாஸ் 2017-ல் லீக்குக்குள் வந்தது. மறுவருடம், 2018 அக்டோபர் 7, சென்னை நேரு உள்விளையாட்டரங்கம். எதிரே பட்னா பைரேட்ஸ், தொடர்ந்து மூன்று முறை கோப்பை வென்ற அணி, பர்தீப் நர்வாலின் அணி. தலைவாஸ் 42–26 என்று வென்றது. கேப்டன் அஜய் தாக்கூர், தடுப்பில் மன்ஜீத் சில்லர். அன்று தமிழ்நாடே நிமிர்ந்து உட்கார்ந்தது. சாம்பியனையே சாய்த்துவிட்டோம், இனி எதிரணி எது வந்தால் என்ன என்று பேசினோம். அடுத்தடுத்து தோல்விகள் வந்தன. சீசன் முடிந்தபோது தலைவாஸ் தன் பிரிவில் கடைசி.

2019-ல் ராகுல் சௌத்ரியும் வந்து சேர்ந்தார். அவர், அஜய் தாக்கூர், மன்ஜீத் சில்லர் மூன்று பேரும் ஒரே அணியில். முதல் ஆட்டத்தில் தெலுகு டைட்டன்ஸை வென்றோம். சீசன் முடிவில் பன்னிரண்டாம் இடம். 2024 அக்டோபரில் மறுபடியும் முதல் ஆட்டம் தெலுகு டைட்டன்ஸுடன், 44–29 என்று பெரிய வெற்றி. டைட்டன்ஸ் கதை முடிந்தது என்று நாம் சொன்னோம். அட்டவணை முடிந்தபோது டைட்டன்ஸ் ஏழாம் இடத்தில் இருந்தது, நாம் ஒன்பதாம் இடத்தில்.

முதல் ஆட்டம் ஏன் இப்படி ஏமாற்றுகிறது? காரணம் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. சீசன் தொடங்கும்போது எந்த அணியும் எதிரணியின் புதிய வரிசையைக் களத்தில் பார்த்ததில்லை. ரெய்டர் இடதுபக்கம் நுழைந்து வலதுபக்கம் திரும்புகிறாரா, போனஸ் கோட்டைத் தாண்ட எந்தக் காலை நீட்டுகிறார், பிடி விழுந்தால் குனிந்து நழுவுகிறாரா, மேலே எம்புகிறாரா, ஒன்றும் தெரியாது. நான்கைந்து ஆட்டம் போனால் எல்லாம் வீடியோவில் இருக்கும். எதிரணியின் பயிற்சியாளர் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, கார்னரில் நிற்பவனிடம் "அவன் இந்தக் காலைத்தான் முன்னால் வைப்பான், அதைப் பிடி" என்று சொல்லிவிடுவார். சீசன் ஆரம்பத்தில் பத்துப் பத்தாகப் புள்ளி அள்ளியவர் நடுவில் மூன்றுக்கும் நான்குக்கும் திணறுவது இதனால்தான்.

2018-ல் நாம் ஏமாந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை நாம் அதிகம் பேசுவதில்லை. அப்போது லீக் ஊர் ஊராக நகரும். எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊர் அணி அந்த ஒரு வாரத்துக்குள் தன் ஊர் ஆட்டங்களையெல்லாம் ஆடித் தீர்த்துவிட வேண்டும். அந்த வருடம் சென்னைக்கு முதல் வாரமே கிடைத்தது. ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் பழகுவதற்கு முன்பே, சொந்த ஊர்க் கூட்டத்தின் பலத்தைச் செலவழித்து முடித்துவிட்டோம் என்றுதான் நான் நினைக்கிறேன். கணிப்பு சொன்னவர்கள் அட்டவணையின் வரிசையைப் பார்த்திருந்தால் அவ்வளவு குதித்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது விலை. போடியில் ஸ்பைசஸ் போர்டு ஏல மையத்தில் ஏலக்காய் எடுப்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். மாதிரியைக் கையில் அள்ளிப் பார்த்து, பருமனையும் பச்சையையும் பார்த்து, லிட்டர் எடை கேட்டு விலை சொல்வீர்கள். அந்த விலை அன்றைய லாட்டுக்கு, அன்றைய போட்டிக்குச் சொன்ன விலை. வெளியூர்ச் சந்தையில் அது எப்படிப் போகும் என்பது வேறு கணக்கு. ஆட்டக்காரருக்குச் சொல்லும் விலையும் அப்படித்தான்: அன்றைக்கு அந்த அறையில் எத்தனை அணிகளுக்கு அவர் தேவைப்பட்டார், யார் கையில் எவ்வளவு பணம் மீதம் இருந்தது என்பதைத்தான் அது காட்டும்.

முதல் சீசனில் அதிக விலைக்குப் போன ராகேஷ் குமாரின் விலை 12 லட்சத்து 80 ஆயிரம். இன்று அது கோடிகளில் நிற்கிறது. 2018-ல் மோனு கோயத்தை ஹரியாணா ஸ்டீலர்ஸ் 1 கோடியே 51 லட்சத்துக்கு எடுத்தது. அந்த அணி தன் பிரிவில் கடைசி. 2019-ல் சித்தார்த் தேசாய் 1 கோடியே 45 லட்சத்துக்குத் தெலுகு டைட்டன்ஸுக்குப் போனார். அணிக்குப் பதினோராம் இடம். 10-வது சீசனில் அதே டைட்டன்ஸ் பவன் செஹ்ராவத்தை 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல் கொடுத்து எடுத்தது. 22 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, பன்னிரண்டாம் இடம். இவர்கள் யாரும் சாதாரண ஆட்டக்காரர்கள் இல்லை. பவனைப் போல் எம்பித் தாண்டும் ரெய்டர் இந்தியாவில் அபூர்வம். குறை ஆட்டக்காரரிடம் இல்லை, கணக்கில் இருக்கிறது. ஓர் அணி மொத்தமாகச் செலவழிக்க அனுமதித்த தொகை அந்த வருடம் 5 கோடி. அதில் பாதிக்கு மேல் ஒருவருக்குப் போனால், மீதியில் இரண்டு கார்னர், இரண்டு கவர், இரண்டாவது ரெய்டர், மூன்றாவது ரெய்டர், மாற்று ஆட்டக்காரர்கள் எல்லாரையும் எடுக்க வேண்டும். எதிரணியில் பெரிய பெயரைக் கண்டு நாம் பயப்படும் நேரத்தில், அந்தப் பெயருக்காக அவர்கள் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார்கள் என்று பார்ப்பதே இல்லை.

இனி 2022-க்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் நான் முக்கியமாக வந்தேன்.

அந்த வருடம் பவனை எடுத்தது நாம்தான். 2 கோடியே 26 லட்சத்துக்கு மேல், அதுவரை லீக்கில் யாருக்கும் கிடைக்காத விலை. அணிக்கு அனுமதித்த 4 கோடியே 40 லட்சத்தில் பாதியைத் தாண்டிய தொகை. சீசன் தொடங்கும் முன் தலைவாஸுக்கு எல்லாரும் நல்ல இடம் கொடுத்தார்கள். அக்டோபர் 8, பெங்களூரு, முதல் ஆட்டம், எதிரே குஜராத் ஜயன்ட்ஸ். அவர்கள் கேப்டன் சந்திரன் ரஞ்சித், நம் தமிழ்ப் பையன். ரஞ்சித் ரெய்டுக்கு வந்தபோது அவரைப் பிடிக்கப் போன பவனின் முழங்கால் மடங்கியது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தச் சீசனில் அவர் திரும்ப வரவே இல்லை. ஆட்டம் 31–31 சமனில் முடிந்தது. அடுத்து தோல்விகள். கொஞ்ச நாளில் பயிற்சியாளரும் மாறினார், உதயகுமார் போய் அஷன் குமார் வந்தார்.

அந்த வாரத்தில் எந்த எதிரணியும் நம்மை ஒரு பொருட்டாக நினைத்திருக்காது. நாமே நினைக்கவில்லை. கடைசி இடத்துக்கு நம்மை எழுதி வைத்துவிட்டு, மற்ற அணிகளின் கதையைப் பார்க்கப் போய்விட்டோம்.

அப்போது களத்தில் என்ன இருந்தது என்று பாருங்கள். வலது கார்னரில் சாகர் ராத்தி. இடது கார்னரில் சாஹில் குலியா. கவரில் மோஹித், நம் எம். அபிஷேக். இவர்கள் அந்த வருடம் புதிதாக ஏலத்தில் வந்து சேர்ந்தவர்கள் இல்லை. அதற்கு முன்பு, தலைவாஸ் பதினோராம் இடத்தில் முடித்த 8-வது சீசனிலேயே சேர்ந்து ஆடியவர்கள். அந்தச் சீசனில் சாகர் மட்டும் 82 தடுப்புப் புள்ளி எடுத்தார். பதினோராம் இடம் என்று பார்த்தவர்களுக்கு ஒரு தோற்ற அணிதான் தெரிந்தது. ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு, அந்த அணி எத்தனை ஆட்டங்களைச் சமன் செய்தது, எத்தனை எதிரணிகளைக் கடைசி நிமிடம் வரை இழுத்துப் பிடித்தது என்பது தெரிந்திருக்கும். தடுப்பு வரிசை தயாராக இருந்தது. ரெய்டு போக ஓர் ஆள்தான் தேவை.

அந்த ஆள் அணிக்குள்ளேயே இருந்தார். நரேந்தர், ஹரியாணாவிலிருந்து வந்த இளைஞர், லீக்கில் அவருக்கு அதுதான் முதல் வருடம். பவன் இருந்திருந்தால் அவருக்கு எத்தனை ரெய்டு கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பவன் இல்லாததால் வாய்ப்பு வந்தது. 243 ரெய்டுப் புள்ளி எடுத்தார். கூடவே அஜிங்கியா பவார் பக்கபலமாக நின்றார். தலைவாஸ் ஐந்தாம் இடத்துக்கு ஏறி, முதல் முறையாகப் பிளே ஆஃபுக்குப் போனது. டிசம்பர் 13 அன்று யு.பி. யோத்தாஸுடன் 36–36 சமன், டை பிரேக்கரில் 6–4 என்று வெற்றி. இரண்டு நாள் கழித்து அரையிறுதியில் புனேரி பல்டனிடம் 37–39. வெறும் இரண்டு புள்ளி.

கார்த்திகை முடியும் அந்த இரவில் தோற்றதை நினைத்து இன்றைக்கும் எனக்கு வலி உண்டு. அதைவிடப் பெரிய பெருமையும் உண்டு. எழுதி வைத்த கடைசி இடத்தை ஏற்றுக்கொள்ளாமல் ஆடிய பையன்கள் அவர்கள்.

கதை அத்தோடு நின்றிருந்தால் நல்லது. அடுத்த சீசனில் அதே கூட்டம் பெரும்பாலும் சேர்ந்தே இருந்தது. இந்த முறை எல்லாரும் மேலே எழுதினார்கள். ஒன்பதாம் இடம்தான் கிடைத்தது. நரேந்தரை எதிரணிகள் அதற்குள் படித்துவிட்டன, நெருக்கமான ஆட்டங்கள் கைநழுவின. 2025-ல் பவன் திரும்பி வந்தார், அர்ஜுன் தேஷ்வாலும் வந்தார். இந்த இரண்டு ரெய்டர்கள் ஒரே அணியில் என்றால் யார் தடுப்பது என்று கேட்டோம். சீசன் முடிவதற்கு முன்பே பவன் அணியில் இல்லை. முதல் எட்டு இடங்களுக்குள்கூட நாம் வரவில்லை.

எதிரணிகளைப் பற்றிய கணிப்பு எவ்வளவு தூரம் தவறும் என்பதற்கு 2024 சீசன் நல்ல சாட்சி. நடப்பு சாம்பியன் புனேரி பல்டன். முதல் வாரத்திலேயே ஹரியாணா ஸ்டீலர்ஸை 35–25 என்றும், பட்னா பைரேட்ஸை 40–25 என்றும் வென்றது. புனேயைத் தொட ஆளில்லை என்றுதான் பேச்சு. கேப்டன் அஸ்லம் இனாம்தாருக்குக் காயம் வந்தது, அணி மெல்லச் சரிந்து எட்டாம் இடத்தில் முடிந்தது. டிசம்பர் 29 அன்று இறுதி ஆட்டத்தில் நின்ற இரண்டு அணிகள் எவை? முதல் வாரத்தில் புனேயிடம் அடிவாங்கிய அதே ஹரியாணாவும் பட்னாவும். ஹரியாணா 32–23 என்று வென்று முதல் முறையாகக் கோப்பையைத் தூக்கியது.

அந்த ஹரியாணாவின் இடது கார்னரில் நின்றவர் ஈரானின் முகமதுரெசா ஷாத்லூயி. விலை 2 கோடியே 7 லட்சம். அதற்கு முந்தைய சீசனில் 2 கோடியே 35 லட்சத்துக்குப் புனேயில் இருந்தார், புனே கோப்பை வென்றது. விலையை வைத்துக் கணிப்பது எப்போதும் பொய்க்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெரும் பணம் பிடிக்கிற ஆளுக்குப் போனபோது கோப்பை வந்ததையும், ரெய்டு பாடிப் போகிற ஆளுக்குப் போனபோது பலமுறை அணி அடியில் கிடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். ஷாத்லூயி 2025-ல் குஜராத்துக்குப் போனபோது கோப்பை வரவில்லை, ஆக அவர் ஒருவர் மட்டும் போதாது. அந்த வருடம் வென்ற தபாங் டெல்லி தொடக்கத்திலிருந்தே முன்னணியில் நின்றது, அதைச் சொன்னவர்களின் கணிப்பு பலித்தது. டெல்லியின் தடுப்பில் நின்றவர்கள் ஃபசல் அத்ராச்சலியும் சுர்ஜீத் சிங்கும். சுர்ஜீத், நம் தலைவாஸ் 8-வது சீசனில் பதினோராம் இடத்தில் முடித்தபோது நமக்குக் கேப்டனாக இருந்தவர்.

நம் கபடியைப் போலவே உடம்போடு உடம்பு மோதிப் பிடித்து வீழ்த்தும் ரக்பி லீக்கிலும் இதுதான் நடக்கிறது. ஆஸ்திரேலியாவின் பென்ரித் பேந்தர்ஸ் 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை சாம்பியன். 2025-ல் முதல் ஆட்டத்தை வென்றுவிட்டு வரிசையாகத் தோற்றது, மே மாதத்தில் அட்டவணையின் அடியில் கிடந்தது. அதன் காலம் முடிந்தது என்று அங்கேயும் எழுதினார்கள். பிறகு எழுந்து, தொடர் வெற்றிகளோடு அரையிறுதி வரை வந்து, அந்த வருடம் கோப்பை வென்ற பிரிஸ்பேனிடம் இரண்டே புள்ளியில் தோற்றது.    

சரி, அடுத்த சீசன் தொடங்கும்போது எதிரணியை எப்படிப் பார்ப்பது? ரெய்டரை விட்டுவிட்டு இரண்டு கார்னர்களையும் பாருங்கள். இருவரும் எத்தனை சீசனாகச் சேர்ந்து நிற்கிறார்கள் என்று பாருங்கள். கார்னர் காலைப் பிடித்ததும் கவர் எவ்வளவு வேகமாக மேலே விழுகிறார் என்று கவனியுங்கள். அந்த அரை நொடி பழக்கத்தால் வருவது, பணத்தால் வருவதில்லை. களத்தில் மூன்று பேர் மட்டும் மிஞ்சியபோது பதறுகிறார்களா, சூப்பர் டேக்கிளுக்குப் பொறுமையாக நிற்கிறார்களா? இரண்டு வெற்று ரெய்டுக்குப் பிறகு வரும் டூ ஆர் டை ரெய்டுக்கு யாரை அனுப்புகிறார்கள்? எப்போதும் ஒரே ஆளைத்தான் அனுப்புகிறார்கள் என்றால், அவர் கால் மடங்கும் நாளில் அந்த அணியின் கதி என்ன என்று நீங்களே சொல்லிவிடலாம். தோற்ற ஆட்டங்களின் வித்தியாசத்தையும் பாருங்கள். முன்பு ஏழு புள்ளிக்குள் தோற்றால் ஒரு புள்ளி கொடுத்தார்கள், அட்டவணையைப் பார்த்தாலே போராடித் தோற்றவர்கள் தெரிவார்கள். 2025 முதல் வெற்றிக்கு 2, தோல்விக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. இனி அட்டவணை அதைக் காட்டாது. ஸ்கோரை நாம்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் டி.வி.யில் வரும் அணிகளைப் பற்றி. நான் அதிகம் கவலைப்படுவது நம் ஊர்த் தளத்தில் ஆடும் பிள்ளைகளைப் பற்றி. அவர்களுக்கும் நாம் முதல் வாரத்திலேயே தீர்ப்பு எழுதுகிறோம். பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் நடக்கும் போட்டிகளில், முதல் சுற்றில் நாலு ரெய்டு வென்ற பையனுக்கு மைக்கில் பெயர் சொல்லி அன்பளிப்பு அறிவிக்கிறோம். கார்னரில் நின்று முழங்கால் தோல் உரிய ஐந்து பேரைப் பிடித்தவன் பெயர் பல ஊர்களில் ஸ்கோர் நோட்டில்கூட ஏறுவதில்லை. மண் தளத்திலேயே ஆடி வளர்ந்த பிள்ளை, தேர்வு நடக்கும் நாளில்தான் முதல் முறையாக மேட் விரித்த தளத்தில் கால் வைக்கிறான். ஷூ போட்டுப் பழக்கமில்லை, கால் ஒட்டுகிறது, ஒரு மணி நேரத்தில் "சரிவர மாட்டான்" என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அதைக் கேட்டு வீட்டுக்கு வந்து ஆட்டத்தையே விட்டவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை பேர் என்று பெரியவர்களுக்குத் தெரியும்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணிகளில் இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் இருந்தார்கள். சென்னை கண்ணகி நகரின் கார்த்திகா, வடுவூரின் அபினேஷ். கண்ணகி நகர்ப் பிள்ளைகள் தேற மாட்டார்கள் என்றுதான் ஊர் கணிப்பு எழுதி வைத்திருந்தது.

போட்டி நடத்தும் குழுக்காரர்கள் இங்கே நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள். வருகிற பொங்கல் போட்டியிலிருந்து ஸ்கோர் நோட்டில் ஒவ்வொரு பிடிக்கும் யார் பிடித்தது, யார் துணைக்கு விழுந்தது என்று பெயரோடு எழுதுங்கள். கோடு போட்ட நோட்டும், ஆட்டம் தெரிந்த ஒரு பள்ளி மாணவனும் போதும். போட்டி முடிந்ததும் அதன் நகலை அந்தந்த அணிக்கும் பக்கத்துப் பள்ளி உடற்கல்வி ஆசிரியருக்கும் கொடுங்கள். இரண்டாவது, பெஞ்சில் இருக்கும் ஐந்து பேரும் லீக் சுற்றில் ஓர் ஆட்டத்திலாவது இறங்கியே ஆக வேண்டும் என்று விதியில் சேருங்கள். பரிசுத் தொகையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, நாலு ஊர் சேர்ந்து ஒரு மேட் வாங்க முடியுமா என்பதைப் பற்றி இந்தக் கூட்டம் முடிந்ததும் இதே இடத்தில் உட்கார்ந்து பேசலாம். நான் இருக்கிறேன்.